கோர்டோபா வாசலில் இருபத்துமூன்று சோடி

லண்டன் பிளேஸ்டோ மண்டபத்தில் மூன்று மணிக்கு எங்கள் தமிழ்ச் சங்கக் கூட்டம் என்றால் மூன்றரைக்கு வடை வரும், நாலு மணிக்குத் தலைவர் வருவார், நாலேகாலுக்கு மேல்தான் மைக் வேலை செய்யும். அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் எல்லாம் மாறி நடந்தது. மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே தலைவர் பாலேந்திரா முன்வரிசைக் கதிரையில் வந்து இருந்துவிட்டார். இடது பாதத்தில் வெள்ளைத் துணிக்கட்டு. அதற்கு மேல் ஒரு அகலச் செருப்பு. போகிறவர் வருகிறவர் எல்லாரும் கண்டு விசாரிக்கட்டும் என்று காலை நடைபாதையில் நீட்டி வைத்திருந்தார்.

கடைசி வரிசையில் இருந்த சண்முகராசாவின் கண் அந்தக் கட்டை விட்டு அகலவில்லை. அந்தக் கட்டுக்குக் காரணம் தவமலர் என்று மண்டபம் முழுவதும் கதை. உண்மையான காரணம் யார் என்பது சண்முகராசாவுக்குத்தான் தெரியும். பக்கத்தில் இருந்த மனைவி ஜெயகௌரிக்குப் பாதி தெரியும். அந்தப் பாதிதான் அவருக்குப் பெரிய தலையிடி.

சங்கத்தில் இருந்து ஒவ்வொரு மார்ச் மாதமும் ஐரோப்பாவில் ஒரு பழைய நகரத்துக்குப் போய் வருவார்கள். ஏழு வருடமாகக் கூட்டிப் போகிறவள் தவமலர். ஒரு டாக்டர் கிளினிக்கில் முன்மேசையில் இருந்து போன் எடுப்பது அவளுடைய வேலை. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் பதினொரு வருடம் அவளுக்கு விசா முடிவு வரவில்லை. கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு குரோய்டனில் இருந்த குடிவரவுக் கந்தோருக்கும் வீட்டுக்குமாக அலைந்தாள். அந்தப் பதினொரு வருடமும் கடலைத் தாண்டி ஒரு அடி வைக்க ஏலாது. பாஸ்போர்ட் கையில் வந்த அன்று, "இனி என்னை ஒருத்தரும் மறிக்கேலாது" என்று சொன்னவள், தான் போனது மட்டுமில்லாமல் வருடத்துக்கு இருபது முப்பது பேரையும் இழுத்துக்கொண்டு போனாள். ஹோட்டல், பஸ், நுழைவுச்சீட்டு, யாருக்கு மாடிப்படி ஏறேலாது, யாருக்கு மரக்கறிச் சாப்பாடு, எல்லாம் அவள் தலைக்குள் இருக்கும். அவளுக்கு வேறு பெரிய சந்தோஷம் கிடையாது. வேண்டும் என்று கேட்டதும் இல்லை.

பயணம் முடிந்து இரண்டாம் கிழமை மண்டபத்தில் கூடி, படம் போட்டு, போனவர்கள் ஒவ்வொருவராக எழும்பித் தாங்கள் கண்டதைச் சொல்ல வேண்டும். அது சங்கத்தின் வழக்கம். இந்த முறை போனது ஸ்பெயினில் கோர்டோபா நகரம். இந்த முறை அனுபவம் சொல்லி முடிந்ததும் இன்னொரு காரியமும் இருந்தது. தவமலரிடம் இருந்து பயணப் பொறுப்பை எடுப்பதா விடுவதா என்று கை தூக்கித் தீர்மானிக்கப் போகிறார்கள்.

"கதைக்கிறதுக்கு ஒண்டுமில்லையெண்டால் பேசாமல் இருங்கோ என்னப்பா," என்று ஜெயகௌரி மெதுவாகச் சொன்னாள். "உங்கடை முகம் பிழை செய்த பெடியன்ரை முகம் மாதிரிக் கிடக்கு."

"செய்துதான் இருக்கிறன்."

"என்னத்தை?"

அவர் திரும்பவும் முன்வரிசையில் நீட்டியிருந்த காலைப் பார்த்தார்.

முதலில் சுபாஸ்கரன் படம் காட்டினான். ஜெர்மனியில் பத்து வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவன். ஐரோப்பா முழுவதையும் தன் வீட்டு முற்றம் போலப் பேசுவான். "இதுதான் அந்தப் பெரிய பள்ளிவாசல். ஆயிரம் வருசத்துக்கு மேலை. பேந்து நடுவிலை தேவாலயம் கட்டினவங்கள். ரெண்டும் ஒரு கூரைக்குக் கீழை. தூணைப் பாருங்கோ, எண்ணூறுக்கு மேலை. வளைவெல்லாம் சிவப்பும் வெள்ளையும். ஏ கிளாஸ்." அடுத்த படம். "இது வெளி முற்றம். தோடை, ஒறேஞ் மரம், முழுக்கக் காய். சாப்பிட்டால் கைக்கும், நான் சாப்பிட்டுப் பாத்தனான். ஏ கிளாஸ்." அடுத்த படம், பூச்சட்டி தொங்கவிட்ட வெள்ளைச் சுவர்கள். அடுத்தது ஒரு தட்டு நிறையக் கத்தரிக்காய்ப் பொரியல், மேலே தேன் பாணி. அதுவும் ஏ கிளாஸ்தான். அதற்கடுத்த படத்தில் மண்டபம் சிரித்தது. விமான நிலைய வரிசையில் இருபத்துமூன்று பேர் சப்பாத்து இல்லாமல், காலில் வெறும் மேசுடன், காலுறையோடு மட்டும், நிற்கிறார்கள். மேசு போடாதவர்கள் வெறுங்காலுடன்.

பாலேந்திரா சிரிக்கவில்லை.

"சிரிக்கிறவை சிரியுங்கோ. எனக்குச் சீனி வருத்தம், டயபிற்றிஸ். டாக்டர் அளவெடுத்துத் தந்த சப்பாத்து அது. வெறுங்காலோடை நடக்கக் கூடாதெண்டு எழுதித் தந்தவர். அந்த மதிலைச் சுத்தி நடந்து கால் கொப்பளிச்சுப் போச்சு. இண்டைக்குப் பதினாலு நாள். இன்னும் ஆறேல்லை."

சிரிப்பு நின்றது. அந்த மனிதர் சொன்னது நியாயம். அதனால்தான் சண்முகராசாவுக்கு அந்தக் கதிரை கொதித்தது.

சண்முகராசாவுக்கு அறுபத்தொரு வயது. ஸ்டுட்கார்ட்டில் ஒரு ஜெர்மன்காரனிடம் டைல் பதிக்கப் பழகி, பிறகு லண்டன் வந்து, முப்பத்துமூன்று வருடம் முழங்காலில் நின்று உழைத்தவர். இரண்டு முழங்காலும் இப்போது மழை வருவதை முதல்நாளே சொல்லும். ஆனால் அவர் போட்ட தரையில் ஒரு கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்தில் நிற்கும். இதை அவரே சொல்லுவார். சொல்லக் கூச்சப்படமாட்டார், உண்மை என்பதால். வேலை முடிந்ததும் மற்றவர்கள் மட்டக்கோலை வைத்துப் பார்ப்பார்கள். அவர் பூட்ஸைக் கழற்றுவார், மேசுகளைக் கழற்றுவார், கண்ணை மூடிக்கொண்டு தரையின் ஒரு மூலையில் இருந்து மறு மூலைக்கு நடப்பார். ஒரு கல்லின் ஓரம் பக்கத்துக் கல்லை விட நகத்தளவு உயர்ந்திருந்தாலும் குதிக்கால் சொல்லிவிடும். வேறு யாராவது போட்ட நல்ல தரையைக் கண்டாலும் அதே பழக்கம். மகளின் கல்யாண மண்டபத்திலும் கழற்றினார்.

கோர்டோபாவில் பஸ் நின்றதும் முதல் ஆளாக இறங்கியவர் அவர். முழங்கால் விறைத்திருந்தது, நடக்க வேண்டும் போல் இருந்தது. தவமலர் பஸ் மைக்கில், "இது பெரிய இடம், மரியாதையாப் போங்கோ, தொப்பி போட்டிருக்கிறவை கழட்டுங்கோ" என்று சொல்லிவிட்டு நுழைவுச்சீட்டு எடுக்க ஓடினாள். சண்முகராசா மதிலில் இருந்த வாசலால் முற்றத்தை எட்டிப் பார்த்தார். உள்ளே சின்னச் சின்ன உருண்டைக் கற்களை ஒவ்வொன்றாக நட்டு நிறுத்திப் போட்ட தரை. ஒருவன் குந்தியிருந்து, ஒரு நாளில் பாய் அளவு இடம் கூட முடிக்காமல், கையாலேயே செய்த வேலை. அதைக் கண்ட பிறகு அவருக்குப் பொறுக்குமா? சப்பாத்தைக் கழற்றி வாசல் ஓரமாக வைத்தார். உள்ளே போனார்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு வாசலில் ஒரு சோடி சப்பாத்தைக் கண்டால் போதும். கேள்வி கிடையாது. பின்னால் வந்த ஜெயகௌரி கழற்றினாள். அவளுக்குப் பின்னால் வந்த நாலு பேர் கழற்றினார்கள். பாலேந்திராவும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, நாடாவை அவிழ்த்துக் கழற்றினார். ஐந்து நிமிடத்தில் கோயில் வாசல் மாதிரி இரண்டு வரிசை. நுழைவுச்சீட்டோடு திரும்பி வந்த தவமலரும் அந்த வரிசையைப் பார்த்தாள், தன்னுடையதையும் கழற்றி நுனியில் வைத்தாள்.

உள்ளே போன வாசல் ஒன்று, வெளியே வந்த வாசல் இன்னொன்று. கோயிலில் போன வாசலால்தானே வருவோம், யாரும் வாசலை அடையாளம் பார்த்து வைக்கவில்லை. வெளியே மதில் தெருத் தெருவாகப் போனது. எல்லா வாசலும் ஒரே மாதிரி. பாதிப் பேர் இடம் சுற்ற, பாதிப் பேர் வலம் சுற்ற, பஸ்காரன் போனில் கத்தத் தொடங்கினான். தவமலர் நேரத்தைப் பார்த்தாள். "சப்பாத்தை லண்டனிலை காசு குடுத்து வேண்டுவம். பிளேனை வேண்டேலாது. எல்லாரும் ஏறுங்கோ" என்றாள். ஏறினார்கள்.

இதுதான் குற்றப்பத்திரிகை. பஸ் மைக்கில் சப்பாத்தைக் கழற்றச் சொன்னவள் அவளாம், விட்டுவிட்டு வரச் சொன்னவளும் அவளாம்.

"நான் எத்தினை தரம் சொன்னனான்," என்று பெர்னடெற் அக்கா எழும்பினார். மொத்தம் இருபத்துநாலு பேரில் சப்பாத்தோடு திரும்பி வந்த ஒரே ஆள், கிறிஸ்தவர். "இது இப்ப தேவாலயம், சப்பாத்தோடை போகலாமெண்டு வாசலிலை நிண்டு சொன்னனான். உங்கடை சனம் எனக்கு என்ன சொன்னது? 'அக்கா, நீங்கள் வேதக்காரர், உங்களுக்குத் தெரியாது.' தேவாலயத்துக்குப் போற முறை எனக்குத் தெரியாதாம்!"

திரும்பவும் சிரிப்பு. பாலேந்திரா கையைத் தட்டி அடக்கினார்.

"சரி, விசயத்துக்கு வருவம். தவமலர் தங்கச்சி நல்ல பிள்ளை. ஆனால் ஒரு இடத்தின்ரை முறை தெரியாமல் ஆக்களைக் கூட்டிக்கொண்டு போறது பிழை. நாளைக்கு ஒருத்தருக்கு ஒண்டு நடந்தால் ஆர் பதில் சொல்லுறது? வாற வருசம் நான் பொறுப்பெடுக்கிறன். கை தூக்க முதல், தங்கச்சி ஏதும் சொல்லுறதெண்டால் சொல்லலாம்."

தவமலர் எழும்பினாள். மடியில் பயணக் கோப்பு இருந்தது. ஏழு வருடத்துச் சீட்டுகளும் வரைபடங்களும் அதற்குள். அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "நான் கழட்டச் சொல்லேல்லை அண்ணை" என்றாள். "ஆனால் கழட்டினதைக் கண்டும் ஏனெண்டு கேக்கேல்லை. அது என்ரை பிழைதான். கோப்பைத் தாறன்."

அவள் முன்வரிசையை நோக்கி நடக்கத் தொடங்கினாள். சண்முகராசாவுக்கு அந்த நடை பொறுக்கவில்லை. குரோய்டன் கந்தோர் வரிசையில் இவள் இப்படித்தான் நடந்திருப்பாள், கடிதத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, செய்யாத குற்றத்துக்குப் பதில் சொல்ல.

"தங்கச்சி, உதிலை நில்லுங்கோ," என்றார். அவருடைய குரல் கட்டட வேலையிடத்தில் மூன்றாம் மாடிக்குக் கேட்கிற குரல். மைக் தேவைப்படவில்லை.

எல்லாரும் திரும்பினார்கள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பி, நடைபாதையால் முன்னுக்கு வந்து, தவமலருக்குப் பக்கத்தில் நின்றார்.

"முதல் கழட்டினது நான். வாசலிலை முதல் சோடி என்ரை. கறுப்புச் சப்பாத்து, குதி தேஞ்சது. அதைக் கண்டுதான் மற்ற எல்லாரும் கழட்டினது."

"நீரோ?" என்றார் பாலேந்திரா.

"நான்தான்."

"ரெண்டு கிழமையா வாயைத் திறக்கேல்லையே, காணும்!"

"ஓம். அது இன்னொரு பிழை. கழட்டினதைவிடப் பெரிய பிழை."

ஜெயகௌரி கடைசி வரிசையில் இருந்து எழும்பினாள். அவளுடைய முகத்தில் ஒரு பெருமை. "இவர் பக்தியிலை கழட்டினவர், தலைவர்," என்றாள். "வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்கு நான் இழுத்துக்கொண்டு போனாலும் கார் பார்க்கிலை நிக்கிற மனுசன். அங்கை கண்ணை மூடிக்கொண்டு நிண்டதை என்ரை கண்ணாலை கண்டனான். அவருக்கு அந்த இடத்திலை ஏதோ அருள் பட்டிருக்கு. அதைக் குற்றமெண்டு சொல்லாதையுங்கோ."

இதுதான் அந்தப் பாதி. இரண்டு கிழமையாக அவள் வீட்டில் விளக்கேற்றும்போது அவரைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு ஒன்று உண்டு. முப்பத்தைந்து வருடக் கல்யாணத்தில் புதுச் சிரிப்பு. அவள் கொடுத்த அந்தப் பக்திக்குப் பின்னால் இப்போதும் ஒளிந்துகொள்ளலாம். மண்டபம் கும்பிட்டுவிட்டுப் போய்விடும்.

"இல்லை, கௌரி," என்றார். "பக்தி இல்லை. நான் தரை பாத்தனான்."

"என்னத்தைப் பாத்தீங்கள்?"

"தரை. வேலை முடிஞ்ச தரையிலை வெறுங்காலோடை நடந்து பாக்கிறது என்ரை பழக்கம். கல்லு மட்டமா இருக்கோ, ஓரம் தட்டுதோ எண்டு. அதுக்குத்தான் கழட்டினனான். நீங்கள் இருபத்திரண்டு பேரும் சாமியெண்டு கழட்டினியள். நான் டைல் வேலைக்குக் கழட்டினனான்."

 பெர்னடெற் அக்கா வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு குலுங்கத் தொடங்கினார். அது பரவி மண்டபம் முழுவதும் வெடித்தது. சுபாஸ்கரன் கதிரையில் கையால் அடித்தான். தவமலரும் கோப்புக்குப் பின்னால் சிரித்தாள். பாலேந்திராவின் முகம் மட்டும் சிவந்து போயிருந்தது.

"உம்மடை டைலுக்காக நான் என்ரை காலைக் குடுத்தனானோ?"

"தலைவர், அந்தக் கால் என்ரை பொறுப்பு. அது ஆறுமட்டும் கிளினிக்குக்கு நான் காரிலை கூட்டிக்கொண்டு போறன். ஆனால் தங்கச்சியிட்டை இருந்து கோப்பை வாங்கக் கூடாது. வாங்கிறதெண்டால் முதல் என்னைச் சங்கத்திலை இருந்து எடுங்கோ." மூச்சு வாங்கினார். "இன்னொண்டு. அனுபவம் சொல்லுற கூட்டமெண்டுதானே வந்தம்? நான் என்ரை அனுபவத்தை இன்னும் சொல்லேல்லை. அஞ்சு நிமிசம் எனக்கும் இருக்கு."

"சொல்லும்," என்றார் பாலேந்திரா. கேட்கும் ஆசை குரலில் இருந்தது, அதை மறைக்கும் ஆசையும் இருந்தது.

"முற்றத்திலை உருண்டைக் கல்லு. குத்துமெண்டு பாத்தன், குத்தேல்லை. கனகாலம் சனம் நடந்து நடந்து கல்லின்ரை தலை சப்பட்டையாப் போச்சு. உள்ளுக்கை காலை வைச்ச உடனை குளிர். வெள்ளைப் பளிங்குப் பலகை. நல்ல மட்டம். அங்கை இங்கை ஒண்டு லேசாத் தாழும், ஆனால் தட்டாது. செய்தவன் கையைப் பிடிச்சுச் 'சபாஷ்' சொல்லலாம் போலை. பேந்து ஒரு தூணுக்குக் கிட்டப் போய்க் கண்ணைத் திறந்தன். பக்கத்துத் தூணைப் பாத்தன். ரெண்டும் வேறை. ஒண்டு கறுப்பு, ஒண்டு சிவப்பு. ஒண்டு வழுவழுப்பு, மற்றது முறுக்கின கோடு. சுபாஸ்கரன், நீர் பஸ்ஸிலை வாசிச்சுச் சொன்னீரல்லோ, இன்னும் பழைய கட்டடங்களிலை இருந்து கழட்டிக் கொண்டு வந்த தூண் கனக்க எண்டு?"

"ஓம் அண்ணை. ரோமர் காலத்துத் தூணும் இருக்கு."

"நெட்டையும் கட்டையும் எல்லாம் வந்திருக்கும். ஆனால் மேலை பாத்தால் வளைவு எல்லாம் ஒரே மட்டத்திலை நிக்குது. நெட்டையை நிலத்துக்குள்ளை தாட்டிருக்கிறாங்கள், கட்டையைத் தூக்கி விட்டிருக்கிறாங்கள். முப்பத்துமூண்டு வருசம் மட்டம் பாத்தவன் நான். அது லேசான வேலை இல்லை. அதுக்கு முன்னாலை நான் ஆர் எண்டு நினைச்சன். வெக்கமா இருக்கேல்லை. நானும் இந்த வேலைக்காரன்தான் எண்டு சந்தோசமா இருந்தது. அவ்வளவுதான்."

"ஒவ்வொரு தூணும் ஒவ்வொரு இடத்தாலை வந்து, ஒண்டும் ஒண்டோடை ஒக்காமல்," என்றார் பெர்னடெற் அக்கா. "எங்கடை சங்கம் மாதிரியெண்டு சொல்லுங்கோ."

"சங்கத்திலை வளைவு மட்டமில்லை, அக்கா."

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நடுவரிசையில் இருந்து ஒருத்தி, தனக்கும் அந்தக் குளிர்தான் ஞாபகம், படத்தில் பார்த்தபோது கூட உள்ளங்கால் கூசியது என்றாள். இன்னொருவர் முற்றத்து வாய்க்கால் தண்ணீரில் மேசு நனைந்து, உள்ளே தான் நடந்த தடம் பளிங்கில் தெரிந்ததைச் சொன்னார். சுபாஸ்கரன், தான் முந்நூறு படம் எடுத்தும் தரையை ஒரு படமும் எடுக்கவில்லை என்று தலையில் கை வைத்தான். ஏழு வருடத்தில் எந்தப் பயணத்துக்கும் இவ்வளவு பேர் எழும்பிப் பேசியது கிடையாது. போன வருடம், "வடிவா இருந்தது, சாப்பாடு காணாது" என்று இருபது பேர் இருபது தரம் சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்தார்கள்.

பெர்னடெற் அக்கா பெருமூச்சு விட்டார். "சப்பாத்தோடை போய் எனக்கு ஒண்டும் ஞாபகமில்லை. தூண் இருந்தது."

எல்லாரும் பாலேந்திராவைப் பார்த்தார்கள். அவர் தன் கட்டுக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு உந்தக் காலிலை உணர்ச்சி குறைவு," என்றார் கடைசியில். "அதாலைதான் கொப்பளிச்சதும் தெரியேல்லை. நீங்கள் சொல்லுற குளிர் எனக்குத் தெரியேல்லை. வலது காலிலை கொஞ்சம் தெரிஞ்சது." நீட்டியிருந்த காலை நடைபாதையில் இருந்து உள்ளே இழுத்தார். "சரி. கோப்பு தங்கச்சியிட்டையே இருக்கட்டும். ஆனால் நான் இனிச் சப்பாத்தைக் கழட்டமாட்டன். ஆர் கழட்டினாலும் கழட்டமாட்டன். கழட்டிற ஆக்களின்ரை சப்பாத்துக்கு ஆர் காவல்?"

"நான்," என்றார் சண்முகராசா. யோசிக்கவேயில்லை.

கை தூக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. தவமலர் திரும்பப் போய்க் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தாள். அடுத்த வருடம் டொலேடோ என்று அதில் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்திருந்தது அப்போதுதான் தெரிந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் ஜெயகௌரி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். மறுநாள் காலை தேத்தண்ணியோடு வீட்டின் பின்வளவுத் தோட்டத்துக்கு வந்தபோது, சண்முகராசா டைல் வெட்டும் மெஷினுக்கு முன்னால் குந்தியிருந்தார். மிச்சமாய்க் கிடந்த நீல டைலைத் தீப்பெட்டி அளவுக்கு வெட்டி, ஓரம் தேய்த்து, ஒவ்வொன்றிலும் வெள்ளை மையால் இலக்கம் எழுதிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு இலக்கத்திலும் இரண்டு. கோயில் வாசலில் செருப்புக்குக் கொடுக்கிற அதே மாதிரி. ஒன்று சப்பாத்துப் பையோடு, ஒன்று ஆளோடு. முதல் துண்டில் இலக்கத்துக்குப் பக்கத்தில் 'தலைவர்' என்றும் எழுதியிருந்தது.

"தலைவருக்கு எதுக்கு ஒண்டாம் நம்பர்? அவர் கழட்டமாட்டாரே."

"கழட்டுவார். டாக்டரிட்டைக் கேட்டுப்போட்டு, தடிச்ச மேசு போட்டுக் கழட்டுவார். பார்."

அவள் கிண்ணியை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். "அப்ப உண்மையாவே அருள் ஒண்டுமில்லையோ?"

அவர் ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பெருவிரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்தார்.

"வேலை சரியில்லாத தரையிலை நான் கண்ணைத் திறந்துகொண்டு பிழை தேடுவன். நல்லாச் செய்திருந்தால்தான் மூடுவன், கௌரி. அங்கை கனநேரம் மூடிக்கொண்டுதான் நிண்டனான்."

"அதைத்தான் நானும் சொன்னனான்," என்றாள். காய்ந்துகொண்டிருந்த துண்டுகளில் இரண்டாம் இலக்கத்தையும் மூன்றாம் இலக்கத்தையும் தேடி எடுத்தாள். "இது என்ரை. இது உங்கடை. உங்கடை சப்பாத்தை எந்த வாசலிலை வைச்சதெண்டு இனி நான்தான் பாப்பன்."